கொடியிலிருந்த இரு முகங்கள்

அரசு அலுவலகத்தின் தலைமை எழுத்தர் பக்தலால் ஸ்ரேஷ்ட, சித்திரக்காரர் வீட்டு முற்றத்தில் சட்டையைக் கழுத்துவரை சுருட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தார். பௌஷ மாதத்து வெயில் அப்போதுதான் செங்கல் தரையில் இறங்கியிருந்தது. அவருடைய விலாவிலிருந்து முதுகெலும்பு வரை அக்கி, கச்சை கட்டினாற்போலப் படர்ந்திருந்தது. கொப்புளங்களின் இரு முனைகளிலும், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்படி, இரண்டு சிங்கங்களை எழுத வேண்டும். எழுதினால் அக்கி அவற்றைத் தாண்டிப் போகாது. பக்தபூரில் இந்த வேலை சித்திரக்காரர் குடிக்கு உரியது. அஷ்டமாயாவின் கணவர் தீர்த்தமான் இருந்தவரை அவர் எழுதினார். அவர் போனபின் மூன்றாண்டுகளாக அவளே எழுதிவந்தாள்.

"ஆடாதீங்க கிஜா. சிங்கத்துக்கு வால் கோணிக்கும்."

"வால் கோணினாப் பரவாயில்ல ததா. பல்லு மட்டும் நல்லாக் கூரா வெச்சுடுங்க. நெருப்பு மேல படுத்த மாதிரி இருக்கு. நாற்காலில சாய முடியல."

கிஜா என்றால் தம்பி, ததா என்றால் அக்கா, தாஜு என்றால் அண்ணன். இருவருக்கும் உறவு ஒன்றும் இல்லை. ஒரே தெருவில் வளர்ந்தவர்கள்.

"புளிச்சது எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன். தொட்டீங்களா?"

"கொஞ்சம் தயிர்…"

"தயிர் புளிக்காதா?"

"எங்கம்மா ஒறைய வெச்ச தயிர் புளிக்காதுன்னு எங்கம்மாவே சொல்லிட்டாங்க. நான் எதுத்துப் பேசட்டுமா? அப்புறம் அக்கி எனக்கு வெளில இல்ல, வீட்டுக்குள்ள படரும்."

அஷ்டமாயா சிரிக்கவில்லை. தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி, இரண்டாவது சிங்கத்தின் பிடரியைச் சுருள் சுருளாக எழுதினாள். எழுதும்போது பேசுவதை அவள் விரும்புவதில்லை. ஆனால், பக்தலால் பேசாமலிருக்க முடியாதவர். தலைமாட்டில் வைத்திருந்த துணிமூட்டையைக் கையால் தட்டிக்காட்டினார்.

"கொடிய எடுத்துட்டு வந்திருக்கேன், ததா. நம்ம ஆபீஸ் பெரிய கொடி. தீர்த்தமான் தாஜு பண்ணிக் கொடுத்தாரே, அது."

"கிழிஞ்சு போச்சா?"

"கிழியல. புதுச் சட்டம் வந்திருக்கே. கொடிய எப்படி வரையணும்னு அதோட ஒரு அட்டவணை சேத்திருக்காங்க. இருபத்து நாலு படி. இந்தக் கோட்ட இழு, அந்தப் புள்ளிய வை, புள்ளிலேருந்து வட்டம் போடு, வட்டத்த நாலாப் பிரி. படிச்சதும் பள்ளிக்கூடத்துல வாங்கின பிரம்படியெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. கொடியா, கணக்குப் பரீட்சையா, தெரியல."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"சந்திரனுக்கும் சூரியனுக்கும் இனிமே முகம் கிடையாதாம். கண்ணு, மூக்கு, புருவம், வாய் ஒண்ணும் கூடாது. கதிர் மட்டும் இருக்கலாம். அதுவும் எண்ணித்தான். காத்மாண்டுவுலேருந்து புதுக்கொடி வர மாசக்கணக்காகும். சனிக்கிழம சதுக்கத்துல கூட்டம் இருக்கு. அதுக்குள்ள இதுல இருக்கற முகத்த மட்டும் எடுத்துக் கொடுத்துடுங்க."

தூரிகை நின்றது. சிங்கத்துக்குக் கண் இன்னும் வைக்கப்படவில்லை.

"எடுக்க மாட்டேன்னு சொன்னா?"

"கடைத்தெருத் தையக்காரன் கத்தரியால வட்டமா வெட்டி எடுத்துட்டு ஒட்டுப்போட்டுத் தரேங்கறான். நான்தான் வேண்டாம்னுட்டேன். தாஜு கை பட்டது. கத்தரி வெக்க மனசு வரல." அவர் திரும்பிப் பார்க்க முயன்று, வலி தாங்காமல் மறுபடி படுத்தார். "ஏன் ததா, நிறுத்திட்டீங்க?"

"இந்தச் சிங்கத்துக்குக் கண்ணு வெக்காம விட்டுட்டா என்ன ஆகும், கிஜா?"

"ஐயோ! வெளையாடாதீங்க. கண்ணில்லாத சிங்கம் எதைப் பாத்துக் காவல் காக்கும்?"

"ரெண்டும் ஒரே மைதான். ஒரே கிண்ணத்துல கரைச்சது. உங்க முதுகுல வெச்சா அதுக்குப் பார்வை வருது. கொடில வெச்சா வராதா?"

பக்தலால் மூட்டையின் முடிச்சை விரலால் நெருடினார்.

"அது வேற, இது வேற ததா. இது என் ஒடம்பு."

"கோயில்ல சாமிக்கு வர்ணம் புதுப்பிக்கறப்போ எங்க ஆளுங்க எடுத்தவொடனே கை வைக்கறாங்களா? மொதல்ல குருஜு வந்து, சாமியோட உயிரைக் கலசத்துத் தண்ணில எறக்கறார். அதுக்கப்புறம் அது வெறும் மரம், வெறும் மண்ணு. அப்போதான் பழைய வர்ணத்தக் கழுவறோம். கண்ணு தெறந்த முகத்த உயிரோட சொரண்டற பழக்கம் எங்க குடில கிடையாது."

"கொடிக்குக் கலசமா? எங்க பெரியவர் காதுல விழுந்தா என்னைத் தூக்கி மலைமேல போட்டுடுவார் ததா. ஆறு மாசம் பனிலயும் யாக்கோடயும் குடித்தனம் பண்ணணும்."

"சனிக்கிழம காலைல கொடி முகமில்லாம உங்க கையில இருக்கும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு உங்க பெரியவர் கேக்கப்போறதில்ல. நீங்க சொல்லாம இருந்தாப் போதும். இருப்பீங்களா?"

"வாயத் தைச்சுக்கறேன். கண்ணு வைங்க, ததா."

அவள் மூச்சை அடக்கி, இரண்டு சிங்கங்களுக்கும் கண் வைத்தாள்.

பக்தலால் போனபின் அஷ்டமாயா மூட்டையை அவிழ்த்தாள். இங்குலிகச் சிவப்பில் இரண்டு முக்கோணங்கள், ஒன்றன்கீழ் ஒன்று. சுற்றிலும் அவுரி நீலக்கரை. முற்காலத்தில் தனித்தனியாகப் பறந்த இரு படைக்கொடிகளை ஒரே கம்பில் சேர்த்தார்கள் என்று தீர்த்தமான் சொல்வார். மேல் முக்கோணத்தில், வெள்ளைத் துணியில், பிறையின் மடியில் அமர்ந்த நிலவு. கீழ் முக்கோணத்தில் சூரியன். கல்வெட்டுகளில் தானம் கொடுத்த அரசர்கள், சந்திரரும் சூரியரும் உள்ளவரை இந்த அறம் நிற்கட்டும் என்று பொறித்துவைத்திருந்தார்கள். அந்தச் சொல்லே துணியில் ஏறிக் கொடியாயிற்று. சந்திரர் குளிர்ந்தவர், சூரியர் சினந்தவர். ஆகவே, ஒருவர் முகம் சாந்தமாகவும் மற்றவர் முகம் கனன்றும் இருக்க வேண்டும் என்பது விதி. சூரியனின் அடர்ந்த புருவங்கள் அப்போதைய அலுவலகத் தலைவரை அப்படியே உரித்துவைத்திருப்பதாகப் பக்தபூர் முழுவதும் சிரித்தது. நிலவின் முகம் யாரைப் போலிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அது மைச்சாவின் முகம்.

மைச்சா அவர்களுடைய ஒரே பெண். நேபாளத்தில் ராணாக்களின் ஆட்சி முடிந்த மறு ஆண்டில், ஏழு வயதில், பெரியம்மையில் போனாள். அவளைப் படமெடுத்ததில்லை, படம் எடுப்பவர் காத்மாண்டுவில் இருந்தார். அடுத்த ஆண்டு வரட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். அவள் போன ஆண்டின் இறுதியில்தான் அலுவலகம் கொடி கேட்டது. தீர்த்தமான் பதினேழு நாள் வேலை செய்தார். வேலை நடந்தபோது அஷ்டமாயாவை அறைக்குள் விடவில்லை; கதவிடுக்கில் அவளுக்குத் தெரிந்தது அவர் முதுகு மட்டும்தான். ராணா ஆட்சி முடிந்த நாளான ஃபால்குன மாதம் ஏழாம் தேதி, சதுக்கத்தில் கொடி முதன்முறையாக ஏறியபோது, அஷ்டமாயா அண்ணாந்து பார்த்தாள். நிலவின் இடப் புருவத்தில், கிணற்றுச் சுவரில் விழுந்து மைச்சாவுக்கு ஏற்பட்ட வெட்டுத்தழும்பு, அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது. பக்கத்தில் நின்ற கணவர் கொடியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. அவர் இறந்த பிறகும் அவள் அந்த நாளில் சதுக்கத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், தன் பெண்ணைப் பார்க்க அவளுக்கு வேறு இடம் இல்லை.

மறுநாள் தீர்த்தமானின் தம்பி புத்திமான் வந்தான்; அண்ணியைப் பாவுஜு என்றழைப்பவன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவன். அவல் மென்றுகொண்டே படியேறி வருபவன். பாயில் விரித்திருந்த கொடியைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்தினான்.

"பாவுஜு, இதையா எடுக்கச் சொல்றாங்க?"

"ஆமாம்."

"என்கிட்ட குடுங்க. நீங்க செய்ய வேண்டாம்."

"ஏன், எனக்குக் கை நடுங்குதா?"

புத்திமான் குந்தி உட்கார்ந்து, நிலவின் புருவத்தைத் தொடாமல் அதன்மேல் விரலை நீட்டினான். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அண்ணன் இழுத்த கோடு எனக்குத் தெரியாதா? இந்தக் கொழந்தைய நான் தோள்ல தூக்கிட்டு எத்தன தேர் காமிச்சிருக்கேன்." குரலைத் தாழ்த்தினான். "ஒரு வழி சொல்றேன், கேளுங்க. எதையும் அழிக்க வேண்டாம். ரெண்டு வெள்ளத் துணிய வட்டமா வெட்டி மேல வெச்சுத் தைச்சுடுங்க. அடில கொழந்த இருக்கட்டும். ஆபீசுல எவன் பிரிச்சுப் பாக்கப்போறான்? அவங்களுக்கு முகம் தெரியக்கூடாது, அவ்வளவுதானே?"

"முகம் தெரியக்கூடாதுன்னு உத்தரவு இல்ல. முகம் கூடாதுன்னு உத்தரவு."

"உங்களோட பேசறதுக்குப் பதிலா அந்தச் சட்டத்தோடயே பேசலாம், பாவுஜு!" என்று சலித்துக்கொண்டு அவன் இறங்கிப்போனான்.

ஆனால், அவள் அன்று முழுவதும் அந்த யோசனையைத் தள்ளவில்லை. பிற்பகலில் பெட்டியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்தாள். நிலவின் அளவுக்கு வட்டமாக வெட்டினாள். ஓரத்தை மடித்து நீவினாள். ஊசியில் நூல் கோத்தபின் வட்டத்தை முகத்தின்மேல் பரப்பினாள். துணி மெல்லியது. அடியிலிருந்த கண்கள் இரண்டும் சாம்பல்நிறப் புள்ளிகளாய்த் தெரிந்தன. அம்மை கண்டு இறந்த பிள்ளையை வெள்ளைத் துணியால் முகம் மூடித்தான் எடுத்துச் சென்றார்கள். அன்று துணியை இழுத்துவிட்டவை இதே கைகள்.

அஷ்டமாயா வட்டத்தை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். நூலை ஊசியிலிருந்து உருவினாள்.

"ஒரு தடவ மூடியாச்சு" என்றாள். அறையில் வேறு யாரும் இல்லை.

கோயில் சாமிகளுக்கு உயிர் ஏற்றும் புரோகிதர் ரத்னகாஜி குருஜு, தன்னைத் தேடிவந்த அஷ்டமாயா சொன்னதைக் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டுத் தலையசைத்தார். சம்மதம் என்று அதற்குப் பொருள் இல்லை.

"உயிரை எறக்கணும்னா முதல்ல யாராவது ஏத்தியிருக்கணும், அஷ்டமாயா. இதுக்கு ஏத்தினது யாரு? நானா? எங்கப்பாவா? உன் வீட்டுக்காரன் நல்ல சித்திரக்காரன், இல்லேங்கல. ஆனா, அவன் குருஜு இல்ல."

"கண்ணு வெச்ச அன்னிக்கு அவர் விரதம் இருந்தார். விடியறதுக்கு முன்னால ஆத்துல முழுகினார். மத்ததெல்லாம் முடிச்சுக் கடைசில கண்ணு வெச்சார். வெக்கறப்போ மூச்ச அடக்கினார். சாமிக்குக் கண்ணு தெறக்கறப்போ எங்க குடில இதுக்கு மேல என்ன செய்வாங்க, நீங்க சொல்லுங்க."

"வாதம் பண்றதுக்குன்னே பொறந்தவ நீ."

"தப்பு இருந்தாத் திருத்துங்க, குருஜு."

கிழவர் தாடையைச் சொறிந்தார்.

"சரி, எறக்கறேன்னே வெச்சுக்கோ. வேலை முடிஞ்சதும் திருப்பி ஏத்தியாகணும். பழைய கண்ணு போனாப் புதுக் கண்ணு வரும். அதன் வழியா உள்ள போகும். அதுதான் முறை. நீ புதுக் கண்ணே வெக்கப்போறதில்ல. கலசத்துல இருக்கறத நான் எங்க கொண்டுபோய் விடறது? தெருவுலயா?"

தன்னிடம் விடை இல்லாத கேள்வியை இன்னொருவர் கேட்பது அவளுக்குப் பழக்கமில்லாதது.

"வெள்ளிக்கிழம வாங்க" என்றாள். "அதுக்குள்ள சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தபோதும் அவளுக்கு விடை கிடைத்திருக்கவில்லை. குருஜு அதைக் கேட்காமல் வேலையைத் தொடங்கினார். அரிசியில் கோலமிட்டு, அதன்மேல் கலசத்தை வைத்தார். ஐந்து நிற நூலின் ஒரு முனையைக் கலசத்தின் கழுத்தில் சுற்றி, மறு முனையை நிலவின்மேலும் சூரியனின்மேலும் கிடத்தினார். மந்திரம் நெடுநேரம் நடந்தது. முடிவில் நூலைச் சுருட்டிக் கலசத்தின் வாயில் வைத்து, ஒரு சிறு தட்டால் மூடினார்.

"இப்போ இது துணி" என்றார்.

அஷ்டமாயா வெந்நீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டாள். சிவப்புச் சாயம் கசியாமலிருக்க, வெள்ளை வட்டங்களைச் சுற்றி மெழுகு தடவியிருந்தாள். தீர்த்தமான் துணிக்கு முதலில் பசை ஏற்றி, அது காய்ந்தபின் மை இட்டிருந்தார். ஆகவே, மை நூலுக்குள் இறங்காமல் மேலேயே நின்றிருந்தது. இளஞ்சூடான ஈரம் பட்டால் பசை இளகும். பசையோடு மையும் வந்துவிடும். மழைக்காலத்தில் இந்தக் கொடியை ஏற்றக்கூடாது என்று அவர் அலுவலகத்தில் எழுதி வாங்கியதும் அதற்காகத்தான்.

சூரியனை முதலில் முடித்தாள். அலுவலகத் தலைவரின் புருவங்கள் கரைந்து, பஞ்சில் ஏறின.

பிறகு நிலவு. எழுதும்போது கண் கடைசியில் வைக்கப்படுகிறது. ஆகவே, எடுக்கும்போது அது முதலில் எடுக்கப்பட வேண்டும். அஷ்டமாயா அந்த ஒழுங்கை மாற்றவில்லை. வலக்கண், இடக்கண், பின்பு வாய், மூக்கு. ஒவ்வொன்றையும் ஒற்றியெடுத்து, பஞ்சை மாற்றி, மறுபடி ஒற்றினாள். குருஜு ஜபத்தை நிறுத்திவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலப்புருவமும் போனது. எஞ்சியது இடப்புருவம் மட்டும்: மையால் ஆன இரண்டு சிறு கோடுகளும், அவற்றுக்கு நடுவே தழும்பும்.

அவள் குனிந்து பார்த்தாள். பத்தாண்டுகளாகக் கம்பத்தின் உயரத்தில் பார்த்ததை ஒரு முழத் தூரத்தில் பார்த்தாள். தழும்பு என்று ஒன்று எழுதப்படவே இல்லை. அந்த இடத்தில் தீர்த்தமான் தூரிகையை எடுத்துவிட்டிருந்தார். அங்கே மை இல்லை, வண்ணம் இல்லை. வெறும் வெள்ளைத் துணி இருந்தது. தன் பெண் என்று அவள் எதைக் கொண்டு அடையாளம் கண்டாளோ, அது அவர் எழுதாமல் விட்ட இடம்.

அஷ்டமாயா இரண்டு கோடுகளையும் ஒற்றியெடுத்தாள். தழும்பின் இருபுறமும் இருந்த கருமை நீங்கியதும் அதற்கு எல்லை இல்லாமல் போயிற்று. எது தழும்பு, எது நெற்றி என்று இனிச் சொல்ல முடியாது. நிலவு முழுவதும் ஒரே துணி.

அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அது கொடியில் விழாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முடிஞ்சுதா?" என்றார் குருஜு மெல்ல.

"முடிஞ்சுது."

"எங்க விடணும்னு யோசிச்சியா?"

"நிலாவுலயே விடுங்க."

"கண்ணு இல்லையே, அஷ்டமாயா."

"ஒரு இடத்துல அவர் மையே வெக்கல, குருஜு. துணிய அப்படியே விட்டிருந்தார். அவ அங்கதான் இருந்தா, கண்ணுல இல்ல. இப்போ நிலா முழுக்க அந்தத் துணிதான். விடறதுக்கு எடமில்லேன்னு சொல்லாதீங்க."

"அவ" என்று அவள் சொன்னது யாரை என்று குருஜு கேட்கவில்லை. அம்மை பரவிய அந்த ஆண்டு ஆற்றங்கரையில் மந்திரம் சொன்னவர் அவர்தான். தட்டை எடுத்துவிட்டு, கலசத்து நீரைப் பூவால் தொட்டு, முதலில் நிலவின்மேலும் பிறகு சூரியனின்மேலும் தெளித்தார். நீர்த்துளிகள் துணியில் பரவி, வெயிலில் காய்ந்தன.

சனிக்கிழமை சதுக்கத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. புதிய சட்டத்தைப் பற்றி யாரோ மேடையில் நீளமாகப் பேசினார்கள். பின்வரிசைக்குக் காதில் விழவில்லை. அஷ்டமாயா வழக்கமாக நிற்கும் சிங்கத்தூணின் அருகில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் பக்தலால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். மேல்கோட்டை உடம்பில் படாமல் தோளில் போட்டிருந்தார்.

"காஞ்சுடுச்சு ததா! தாண்டவே இல்ல. ரெண்டு சிங்கமும் அப்படியே நிக்குதுங்க. குளிக்கவே மனசில்ல."

"குளிங்க. கூட்டத்துல நாலு பேர் பக்கத்துல நிக்கணும்."

பக்தலால் சிரித்தார், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அன்று முற்றத்தில் அவள் ஏன் அப்படி வாதாடினாள் என்று அவருக்கு ஏதோ அரைகுறையாகப் புரிந்திருக்கலாம். கொடுத்த வாக்கின்படி வாயைத் தைத்துக்கொண்டிருந்தார்.

கயிறு இழுபட்டது. கொடி மடிப்பு மடிப்பாக ஏறி, உச்சியில் ஒருமுறை சுருண்டு, காற்று வந்ததும் விரிந்தது. அஷ்டமாயாவின் கண்கள் பழக்கத்தால் மேல் முக்கோணத்துக்குப் போயின. அங்கே நிலவு வெளேரென்று இருந்தது. பார்வை நிற்பதற்கு அதில் ஓர் இடமும் இல்லை. அவளுடைய கண் அங்கிருந்து வழுக்கிப் பிறையில் இறங்கியது, பிறையிலிருந்து சிவப்புக்கு, சிவப்பிலிருந்து சூரியனின் கதிர்களுக்கு, பிறகு ஓரத்து நீலத்துக்கு. நீலத்தைப் பிடித்துக்கொண்டு கொடியை ஒருமுறை முழுவதும் சுற்றிவந்தாள். மலைகளுக்குப் பின்னாலிருந்து வந்த காற்று இரண்டு முக்கோணங்களையும் தனித்தனியே பிடித்து உதறியது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து பார்த்தாள்.

சற்று நேரம் கழித்து அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"கிஜா, கீழ் முனைல நீலக்கரை தையல் விட்டிருக்கு. எறக்கினதும் என்கிட்ட கொண்டாங்க."

பக்தலால் கைவிரல்களைக் கண்ணுக்குமேல் வைத்துப் பார்த்தார். "அடடே, ஒரு சாண் நீளத்துக்குப் பிரிஞ்சு தொங்குது! இது எப்பலேருந்து இப்படி இருக்கு ததா?"

"தெரியல" என்றாள் அஷ்டமாயா. "நான் இதுவரைக்கும் அங்க பாத்ததில்ல."